இரண்டாவது அடையாளம்

அன்பு மகளுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, காலையில்தான் தோசை சுட்டுப் போட்டுவிட்டு வந்தவள், மத்தியானத்துக்குள் அப்படி என்ன கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். நேரில் சொல்லத்தான் மூன்று நாளாகப் பார்க்கிறேன். நீ சேலைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கும்போது வாசல் வரைக்கும் வருவேன். “அந்த நீலச் சேலைய எடுத்து வச்சிட்டியா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். அதற்கு மேல் வாய் வருவதில்லை. அதனால் லைப்ரரியின் பின்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பொய் சொன்னதும் இந்த அறையில்தான், அதனால் உண்மையையும் இங்கேயே சொல்லிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஜன்னலின் பச்சைக் கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சம் தரையில் விழுந்து, வேப்பமரம் அசைகிறபோதெல்லாம் கூடவே அசைகிறது. தண்ணீருக்கு அடியில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது. அலமாரியில் பழைய காகித வாசனை, அந்துருண்டை வாசனை, எல்லாவற்றுக்கும் மேலே உப்பு. முத்துக்குளிப்பு நடந்த காலத்துக் குறிப்புகளும், தோணிகளின் பயண ஏடுகளும், கையால் வரைந்த கடல் மேப்புகளும் சுற்றி இருக்க, சில மத்தியானங்களில் நான் தூங்காமலே கனவு கண்டிருக்கிறேன். யாரோ என் தலைக்கு மேலே தோணி ஓட்டிக்கொண்டு போவார்கள். கீழே நான் கேட்லாக் கார்டு எழுதிக்கொண்டிருப்பேன். இப்போது நீ திங்கட்கிழமை ரயில் ஏறி, சென்னையில் ஒரு கல்லூரி லைப்ரரியில் இதே மாதிரி ஒரு பழைய ஏட்டு அறைக்குப் பொறுப்பாகப் போகிறாய். அதற்குப் புத்தி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். நான் செய்த தப்பைச் சொல்லாமல் புத்தி மட்டும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பது இரண்டு வரி எழுதியதுமே தெரிந்துவிட்டது.

பத்து வருஷத்துக்கு முந்தி, புதுத் துறைமுகத்துக்குப் பாறை கொட்டிக்கொண்டிருந்த நாட்கள். லாரிகள் போகும்போது இந்த அலமாரிக் கண்ணாடியெல்லாம் கிணுகிணுக்கும், நினைவிருக்கிறதா? அந்தத் தை மாதம் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். இந்த அறையைப் பார்த்தார், வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். வருஷம் முழுவதற்கும் ஏழெட்டுக் கையெழுத்துதான். அதிலும் பாதி என்னுடையது. “யாருமே பார்க்காத காகிதத்தைக் கரையானுக்குக் கொடுப்பானேன்? அடுத்த வருஷம் மார்ச்சில் வருவேன். அப்போதும் இப்படியே இருந்தால் மூட்டை கட்டிச் சென்னைக்கு அனுப்பிவிடுங்கள்” என்றார். அவர் போன பிறகு நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன்னைப் பெற்றதற்கு அடுத்தபடி நான் ஆசைப்பட்டு வளர்த்தது இந்த அறையைத்தான். அது தப்பா சரியா என்று இப்போது கேட்காதே.

முதலில் நான் செய்தது எல்லா லைப்ரரிக்காரர்களும் செய்கிற வேலை. நோட்டீஸ் அடித்து ஒட்டினேன். ‘அரிய ஏடுகளைக் காண வாரீர்’ என்று. ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. நீதான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாய்: “ஏம்மா, அவங்க தாத்தா பேரு இருக்க நோட்ட நீ உள்ள வச்சுப் பூட்டிட்டு, அவங்களயே வந்து பாருங்கன்னு கூப்பிடுத. முதல்ல நீ அவங்க வீட்டுக்குப் போகாண்டாமா?” எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுநாளே உன் கூடக் கிளம்பினேன். கல்லூரியில் உன்னோடு மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் இருந்த ஸ்டெல்லாவின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். கடற்கரையில் மூன்றாவது தெரு. அவள் அப்பா சந்தியாகு அண்ணாச்சி, சீசனில் சங்கு குளிப்பார், மற்ற நாளில் பாறை மீனுக்குப் போவார். கடைசி முத்துக்குளிப்பில் இறங்கினவர். நாம் போனபோது கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் மணலில் உட்கார்ந்தேன். அன்றைக்கு லைப்ரரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வாழ்க்கையில் செய்த சில புத்திசாலித்தனங்களில் அது ஒன்று. நீயும் போகிற இடத்தில் முதல் நாள் உன் அறையைப் பற்றிப் பேசாதே. அவர்கள் என்ன பேசுகிறார்களோ அதைக் கேட்டுக்கொண்டிரு.

நாலாவது வாரம் அண்ணாச்சி தானாகவே இங்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் கிடந்த துண்டையும் எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது என் கண்ணிலேயே நிற்கிறது. பழைய மேப்பை விரித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். “இத எழுதினவன் கடல்ல எறங்கினதே இல்ல, லைப்ரரி அம்மா. இந்தப் பாரு இங்கன இல்ல, அங்கன கெடக்கு” என்றார். கடலுக்கு அடியில் கிடக்கிற பாறைத் திட்டைத்தான் அவர்கள் பார் என்பார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மேப்பின் மேல் ஒரு விரலை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். “இங்கன மணலு. இங்கன புல்லு மாதிரி பாசி. இங்கன தண்ணி சில்லுன்னு இருக்கும். இந்தா, இங்கன சிப்பி.” நானும் நீயும் மூச்சுவிடாமல் நின்றோம். அந்தப் பச்சை வெளிச்சத்தில் அவர் எங்களையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்ட மாதிரியே இருந்தது. அவர் கண்ணைத் திறந்தபோது, கரையேறின ஆள் மாதிரி நான்தான் பெருமூச்சு விட்டேன்.

அதற்குப் பிறகு கதவு தானாகத் திறந்துகொண்டது. அவர் ஒரு ஆளைக் கூட்டிவந்தார், அந்த ஆள் நாலு பேரைக் கூட்டிவந்தார். தோணிக்காரர்கள் பயண ஏட்டில் தங்கள் அப்பா பெயரைத் தேடினார்கள். பாய் தைக்கிற பெரியவர் ஒருவர் போட்டோவில் இருந்த அத்தனை பேருக்கும் பெயர் சொன்னார். காயல்பட்டினத்து வீடு ஒன்றிலிருந்து அரபி எழுத்தில் எழுதிய தமிழ்க் கடிதங்களைப் பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, “இதையும் சேத்து வைங்கம்மா” என்று கொடுத்தார்கள். மாதா கோயில் திருவிழா வருகிறதே, கொடியேறின மறுநாள் மீன் ஏலக் கூடத்திலேயே எல்லாவற்றையும் கண்காட்சியாக வைத்துவிடலாம் என்று சொன்னது நான் இல்லை, அவர்கள்தான். கூடத்தைக் கழுவிக் கொடுத்ததும் அவர்கள்தான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கேதான் புத்தி கெட்டது.

அண்ணாச்சி வீட்டில் ஒரு நோட்டு இருந்தது. அவருடைய அப்பா எழுதி வைத்தது. கரையில் தெரிகிற எதுவும் எதுவும் ஒரே நேர்கோட்டில் வந்தால் எந்தப் பார் காலுக்குக் கீழே இருக்கும் என்கிற கணக்கு. கோபுரத்துச் சிலுவை உப்பு மில்லின் புகைபோக்கிக்கு நேரே வர வேண்டும், அது முதல் அடையாளம். அது மட்டும் தெரிந்தால் கடலில் ஒரு கோடுதான் தெரியும். அந்தக் கோட்டிலேயே நாளெல்லாம் போய்க்கொண்டிருக்கலாம். லைட்ஹவுஸ் ஒற்றைப் பனைக்கு எவ்வளவு விலகி நிற்க வேண்டும் என்ற இரண்டாவது அடையாளமும் தெரிந்தால்தான் இடம் தெரியும். அதை அப்பன் மகனுக்குத் தோணியில் வைத்துத்தான் சொல்லுவான். கரையில் வைத்துப் பேசுகிற வழக்கமே கிடையாது. கூடப்பிறந்தவனுக்குக்கூடச் சொல்வதில்லை. அப்படிப்பட்ட நோட்டைத்தான் உப்புக் காற்றில் தாள் உதிர்கிறது என்று என் கையில் கொடுத்தார். “உங்க ரூமு பூட்டுத ரூமுல்லா, அதான் தாரேன்” என்றார். நீ குறை சொன்ன அந்தப் பூட்டை நம்பித்தான் அவர் கொடுத்தார் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

கண்காட்சிக்கு அட்டைகளை எல்லாம் நீதான் எழுதினாய். உன் எழுத்து அச்சு மாதிரி நிமிர்ந்து நிற்கும், என்னுடையது காற்றடித்த வாழை மாதிரி ஒரு பக்கமாகச் சாயும். அந்த நோட்டிலிருந்து ஒரு பாரின் அடையாளங்களை மட்டும் பெரிய அட்டையில் எழுதச் சொன்னேன். நீ முதல் அடையாளத்தை எழுதிவிட்டு நிறுத்தினாய். “ரெண்டாவத எழுதாண்டாம்மா. அது வீட்டு ரகசியம்னு ஸ்டெல்லா சொல்லிருக்கா” என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஏளா, மறச்சு வைக்கதுக்கா லைப்ரரி? பாதி எழுதினா பாக்கவன் சிரிக்க மாட்டானா?” நீ பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டாய். நான் உட்கார்ந்து அந்தக் கடைசி வரியை என் கையால் எழுதினேன். மறுநாள் கூடத்தில் நீ அந்த வரியைப் பார்த்தாய். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாய். திருவிழாக் கூட்டம் மொய்த்தது, கோயில் வேலையில் இருந்த அண்ணாச்சி அந்தப் பக்கம் வரவில்லை. எனக்கு அந்தப் பார்வையெல்லாம் உறைக்கவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பாரின் மேலே பதினைந்து தோணி நின்றது. மூன்று தலைமுறையாக ஒரே வீட்டுத் தோணி மட்டும் நின்ற இடம். அண்ணாச்சி நேரே இங்கே வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. சத்தமும் போடவில்லை. “யாரும்மா எழுதினா?” என்று மட்டும் கேட்டார். இந்த மேசைதான், இந்த நாற்காலிதான். மார்ச்சில் வரப்போகிற அதிகாரி என் கண் முன்னால் நின்றார், மூட்டை கட்டின அலமாரிகள் நின்றன. நான் சொன்னேன்: “பிள்ள தெரியாம எழுதிட்டா அண்ணாச்சி. நான் பாக்காம விட்டுட்டேன்.”

படித்துவிட்டாயா? இன்னொரு தரம் படி. ஒன்றும் தெரியாதவள் மாதிரி நான் நின்றேன், எழுதாதே என்று தடுத்த உன்னை எழுதினவளாக்கினேன்.

அவர் அட்டையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போனார். இரண்டு மாதம் இந்தப் பக்கம் கடற்கரை ஆள் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஐப்பசியில் ஒருநாள் அவரே ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். உள்ளே அந்த நோட்டு. பெட்டிக்கு இரண்டு பூட்டு. “ஒரு சாவி உங்ககிட்ட, ஒரு சாவி எங்க வீட்ல. ரெண்டு பேரும் இருந்தாத்தான் தொறக்கணும். வீட்டுக்கு வீடு இப்படி வச்சுக்கிட்டா எல்லாரும் நம்பிக் குடுப்பாவ” என்றார். பிறகு, “சின்னப் பிள்ள செஞ்சத மனசுல வச்சு என்ன செய்ய? ஆனா அந்தப் பிள்ளைய மட்டும் இந்த ரூமுக்குள்ள விடாதீய” என்றார். நான் தலையாட்டினேன். செய்தது நான் என்று தெரிந்திருந்தால் அவர் திரும்பி வந்திருக்கவே மாட்டார். உன் பெயரைக் கொடுத்துத்தான் இந்த அறையை மீட்டேன். அவர் அட்டையை எடுத்துக்கொண்டு போன மறுநாளே உன்னை நாசரேத்தில் சித்தி வீட்டுக்கு அனுப்பி, அங்கே பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷ வேலை பார்க்கச் சொன்னேனே, அனுபவத்துக்கு நல்லது என்று எவ்வளவு பேசினேன்! அனுபவமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நீ அண்ணாச்சி கண்ணில் பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைத்தான் மூன்று நாளாக என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த தையில் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். நாசரேத்திலிருந்து வாரா வாரம் நீ எழுதுகிற கடிதத்தில் கடைசி வரி அதுவாகத்தான் இருக்கும், ‘பத்திரிகை வந்துதா அம்மா?’ என்று. அந்த நீலச் சேலையை அதற்கென்று எடுத்து, ரவிக்கையும் தைத்து வைத்திருந்தாய். வரவில்லை என்று எழுதினேன். பொங்கலுக்கு வந்தபோது நேரிலேயே கேட்டாய். “அவங்க ஆர்.சி., நாம வேற சபை. நம்மளக் கூப்பிடணும்னு அவங்களுக்கு என்ன தலையெழுத்து?” என்றேன். நீ அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. மகளே, பத்திரிகை வந்தது. ஸ்டெல்லா இங்கேயே வந்து என் கையில் கொடுத்தாள். “அப்பா கோவத்துலதான் இருக்காவ. ஆனா அவ வந்து நேர்ல ஒரு வார்த்த பேசினா எல்லாம் சரியாப் போவும். கட்டாயம் வரச் சொல்லுங்க” என்றாள். அதற்குத்தான் பயந்தேன். நீ போனால், அந்த ஒரு வார்த்தையைப் பேசினால், எழுதினது யார் என்று தெரிந்துவிடும். மார்ச்சுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

மார்ச்சில் அதிகாரி வந்தார். அறையில் உட்கார இடம் இல்லை. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கைகொடுத்துவிட்டுப் போனார். அறை இங்கேயே இருக்கிறது. எட்டுக் குடும்பத்துப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பூட்டு. இதைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள், ஊர்க்காரர்களோடு கைகோத்து எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். நான் பெரிய மனுஷி மாதிரி பேசுவேன். பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், நீ கடற்கரைத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு கடைக்குப் போய் வந்திருப்பாய். ஊரையெல்லாம் சேர்த்து வைத்தவள், சொந்த மகளுக்கு இருந்த ஒரே சிநேகிதியைப் பிரித்து, அதற்குச் சபையையும் காரணம் சொன்னேன். நம்மை அவர்கள் மதிக்கவில்லை என்று ஒன்பது வருஷம் நீ நம்பியிருக்கிறாய். அந்தப் பழியும் அவர்கள் மேல் என்னால் விழுந்ததுதான்.

போன ஐப்பசியில் சந்தியாகு அண்ணாச்சி இறந்துபோனார். அவரிடம் கடைசி வரைக்கும் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு மேப்பில் விரல் நகர்த்துகிறது இன்னமும் மத்தியானங்களில் எனக்குத் தெரிகிறது. “இங்கன மணலு” என்பார். அந்த விரல் என்னிடம் வந்து நின்றுவிடுமோ என்று திடுக்கிட்டு நிமிர்வேன்.

போன சனிக்கிழமை சபைக் கூட்டம் என்று உன்னிடம் சொல்லிவிட்டு மணப்பாட்டுக்கு பஸ் ஏறினேன். ஸ்டெல்லாவை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். நான் வாயைத் திறக்குமுன் உள்ளே போய்ப் பழைய அட்டை ஒன்றை எடுத்து வந்து சுவரில் சாய்த்து வைத்தாள். நம் அட்டைதான். “அப்பா செத்த பெறவு பீரோவுக்குப் பின்னால இருந்து எடுத்தேன். மூணு வருஷம் அவ நோட்டப் பாத்து எழுதினவ நான். இந்தக் கடைசி வரி அவ எழுத்தா? நீங்களா வந்து சொல்லட்டும்னுதான் இருந்தேன்” என்றாள். நிமிர்ந்த எழுத்துக்குக் கீழே என் எழுத்து சாய்ந்து கிடந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், பத்திரிகை உட்பட. அட்டைக்குக் கோபப்படாதவள் அதற்கு அழுதாள். “அவ வராததுக்கு நாங்க என்ன கொறன்னு எத்தன நாளு நெனச்சேன்” என்றாள். நீ இங்கே நினைத்த அதே நினைப்பு.

அவளுக்கு மூத்தது பெண். எட்டு வயது. இந்த ஞாயிற்றுக்கிழமை அதற்குப் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்குகிற நாள். திண்ணையில் அடுக்கி வைத்திருந்த அழைப்புப் பத்திரிகைகளைப் பார்த்தேன். ஒன்று எடுத்துத் தருவாள் என்று கையைக்கூட நீட்டிவிட்டேன், அசடு. அவள் தரவில்லை.

நீ போகிற இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று இனி நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று என்னைவிட முந்தி உனக்குத் தெரிந்திருந்தது. பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தாயே, அந்தப் புத்தியோடு போ. என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கோபப்படு, நாலு நாள் பேசாமல் இரு, நியாயம்தான். ஆனால் அவர்கள் மேல் வைத்திருந்த வருத்தத்தை மட்டும் எடுத்துவிடு. அது எனக்குச் சேர வேண்டியது.

இதோடு ஒரு கல்யாணப் பத்திரிகை வைத்திருக்கிறேன். ஒன்பது வருஷம் இந்த அறையில், மேப்பு அலமாரியின் மூன்றாவது தட்டில், பழைய மேப்புகளுக்கு அடியில் இருந்தது. காகிதத்தைக் கிழித்துப்போட எனக்குக் கை வராது என்பது உனக்குத் தெரியும். மேலே உன் பெயரை ஸ்டெல்லாதான் எழுதியிருக்கிறாள். காகிதம் கொஞ்சம் பழுத்திருக்கிறது, மற்றபடி பத்திரமாக இருக்கிறது.

கூடவே வந்து என்னை பஸ் ஏற்றிவிட்டபோது ஸ்டெல்லா சொன்னது இதுதான்: “கோவிச்சுக்கிடாதீங்க லைப்ரரி அம்மா. இந்தத் தடவ பத்திரிகைய உங்க கையில குடுக்க மாட்டேன். சனிக்கிழம காலம்பற நானே வந்து அவ கையில குடுத்து, கையோட கூட்டிட்டுப் போறேன்.”

சனிக்கிழமை காலையில் நான் லைப்ரரிக்கு வந்துவிடுவேன். நீலச் சேலையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வை. கதவு தட்டினால், நீயே போய்த் திற.

உன் அம்மா